முகட்டில் தங்கிய பாட்டுகள்

தயாபுரத்து வேதக்கோயிலில் பழைய ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட்ட வருஷம், பாடின பாட்டெல்லாம் மேலே போகாமல் முகட்டிலேயே தங்க ஆரம்பித்தது. ஏன் தங்கியது என்று கேட்டால் அந்த ஊரில் யாரும் பெரிதாகப் பதில் சொல்லமாட்டார்கள். ஓட்டுக்கு இடுக்கு உண்டு, கான்கிரீட்டுக்கு இடுக்கு கிடையாது, அவ்வளவுதான் என்பார்கள். தங்கினதை என்ன செய்தீர்கள் என்று கேட்டால்தான் உட்காரச் சொல்லி, செம்பில் தண்ணீர் கொடுத்து, தாங்களும் எதிரே உட்கார்ந்துகொள்வார்கள்.

முதலில் அதைக் கண்டவள் எப்சிபா. கோயிலைப் பெருக்கி, விளக்கைத் துடைத்து, மணி அடித்து, திருவிருந்துப் பாத்திரங்களைக் கழுவி வைக்கிற கோயில்பிள்ளை வேலை அவள் புருஷன் ஞானாபரணத்துடையது. புதுக் கூரையைப் பிரதிஷ்டை செய்த ஞாயிற்றுக்கு மறுநாள் காலையில் மணிக்கயிற்றைப் பிடித்தபடியே அவர் சரிந்து விழுந்தார். வலது கையும் வலது காலும் பேச்சும் போய்விட்டன. கட்டிலோடு கிடந்த மனிதரைப் பார்க்கிற வேலையோடு, அவர் பார்த்த வேலையும் யாரும் சொல்லாமலே அவள் கைக்கு வந்து சேர்ந்தது.

விடியுமுன் எழுந்து அவரைப் புரட்டி, ஈரத்துணியை உருவி, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டு, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, கோயிலுக்குப் போய்ப் பெருக்கி, திரும்பி வந்து பீடித் தட்டை மடியில் வைத்து இலை வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, மத்தியானம் அவரை மறுபக்கம் புரட்டி, துணி துவைத்து, மறுபடியும் தட்டை எடுத்து, சாயங்காலம் மறுபடியும் புரட்டி, இப்படியே அவளுக்கு நாள் போயிற்று. களைப்பு என்பது உடம்பில் வந்து போகிற ஒன்றாக இல்லாமல், வீட்டில் கூடவே குடியிருக்கிற ஒரு ஆளாக ஆகிவிட்டது. அதற்கும் சேர்த்து உலை வைப்பவள் போல அவள் நடமாடினாள். யார் எதிர்ப்பட்டு நலம் கேட்டாலும், "கர்த்தருக்கு ஸ்தோத்திரம், இருக்கேன்" என்பாள். அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். கொட்டாவிக்கும் அதுதான், தும்மலுக்கும் அதுதான், பஸ் போய்விட்டதற்கும் அதுதான்.

திங்கட்கிழமை ஒட்டடை அடிக்கிற நாள். அவர் விழுந்த அடுத்த வாரத் திங்களன்று கம்பை உயர்த்தி முகட்டைத் தட்டினபோது முனையில் மெத்தென்று ஏதோ பட்டது. இழுத்தாள். இலவம்பஞ்சு போல ஒரு துண்டு அவள் தோளில் வந்து விழுந்தது. பஞ்சைவிடக் கொஞ்சம் கனம், தொட்டால் இளஞ்சூடு, நிறம், பலமுறை துவைத்த வெள்ளை வேட்டியின் நிறம். விழுந்த வேகத்தில் அது லில்லிபுஷ்பம் டீச்சரின் குரலில் முந்தின நாள் பாடின இரண்டாம் பாட்டைப் பாடிற்று. எப்சிபா அதை விரலால் லேசாக அமுக்கிப் பார்த்தாள். பதநீர்ப் பானையின் அடியில் சுண்ணாம்பு படிந்திருப்பதுபோல, பாட்டின் அடியில் டீச்சரின் நினைப்பும் படிந்திருந்தது. கேஸை நிறுத்தினேனா, நிறுத்தினேனா, நிறுத்தினமாதிரித்தானே இருக்கு என்று அதே ராகத்தில் அது கேட்டது.

எப்சிபா அந்தத் துண்டை ஓரமாக வைத்துவிட்டு மிச்ச முகட்டையும் அடித்து முடித்தாள். பிறகு சபைச் செயலர் வேதமாணிக்கம் சார் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் பேசி முடிக்குமுன் விடையைத் திருத்துகிற பழக்கம் அவரை விட்டு இன்னும் போகவில்லை.

"சார், முகட்டுல பாட்டு தங்குது."

"ஒட்டடையா?"

"ஒட்டடை இல்ல சார். பாட்டு. நேத்துப் பாடினது."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எதுவா இருந்தாலும் அடிச்சு எடுத்திரு. ஆராதனை நேரத்துல ஆளுக தலையில விழக்கூடாது."

ஆனால் அடிக்க அடிக்கத் தங்கிற்று. ஒரு கம்புக்கும் ஒரு பெண்பிள்ளைக்கும் அடங்குகிற காரியமாக அது இல்லை. கல்யாணப் பாட்டும் அடக்கப் பாட்டும், வாலிபர் கூட்டத்துக் கைத்தட்டலும், உபவாச ஜெபத்தில் பெண்கள் விடாமல் சொன்ன ஸ்தோத்திரங்களும் அடுக்கு அடுக்காகச் சேர்ந்து மின்விசிறி வரைக்கும் இறங்கின. விசிறி சுற்றும்போது இறக்கையில் சிக்கின பாட்டு சுற்றுக்கு ஒரு சொல்லாக அவிழ்ந்தது. சபையார் முதல் வாரம் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டாம் வாரம் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் விசிறிக்கு நேர்கீழே யாரும் உட்காரவில்லை. அதோடு சரி, பழகிவிட்டது.

பழகாமல் போனது பக்கத்து ஊர்க்காரர்களுக்குத்தான். மெயின்ரோட்டு டீக்கடைக்காரர் சுடலைக்கண்ணு, தயாபுரத்து ஆள் யார் போனாலும் கிளாஸை நீட்டிக்கொண்டே ஆரம்பிப்பார்.

"என்ன அண்ணாச்சி, உங்க ஊரு ஸ்தோத்திரம் முகடு தாண்ட மாட்டேங்குதாமே? கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்னு சும்மாவா சொன்னாங்க?"

"எங்களுது கனமான பாட்டு வே. உங்களுத மாதிரி ஊதினாப் பறக்குத பாட்டு இல்ல" என்று பதில் சொல்லிவிட்டு வருவார்கள். வருகிற வழியில் டீ கசக்கும். கர்த்தர் வாங்கமாட்டேன் என்று திருப்பிவிட்டாரோ என்று நினைப்பு ஓடும். அந்த நினைப்போடு போய்ப் பாடுவார்கள், அதுவும் முகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவில் ஒரு துண்டு போதகரையாவின் வேதப்புத்தகத்தின்மேல் விழுந்தது. விழுந்து, அவர் குரலிலேயே ஸ்தோத்திரம் சொல்லி, அடியிலிருந்து, இந்த மாசமாவது மாற்றல் ஆர்டர் வருமா, நல்ல தண்ணீர் கிடைக்கிற ஊராய்ப் போட்டால் தேவலை என்று மைக்கில் சொல்லிற்று. போதகரையா அதை எடுத்து அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அது என்னுதுதான்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அன்றிலிருந்து ஊரில் அவருக்கு மரியாதை கூடிற்று. போதகர் வீட்டு வாசலில் தினமும் யாராவது நல்ல தண்ணீர்க் குடம் ஒன்றை இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் மற்றவர்களுக்குக் கிலி பிடித்துவிட்டது. மறுநாள் ரேஷன் பை, உரச்சாக்கு, தலையணை உறை என்று கையில் கிடைத்ததோடு ஊரே கோயிலுக்கு வந்து நின்றது. அவரவர் பாட்டை அடுத்தவர் காதில் படுமுன் அவரவர் எடுத்துக்கொண்டு போகவேண்டும். எப்சிபா கம்பால் தட்டித் தட்டிக் கீழே போட்டாள். எடுத்துக் கையில் வைத்ததும் அவளுக்குக் குரல் தெரிந்துவிடும், அதற்குமேல் அமுக்கமாட்டாள். அடுத்தவர் நினைப்பைக் கேட்பது, அடுத்தவர் சட்டைப்பைக்குள் கையை விடுவது மாதிரி. "இது உன்னுது மரியா. இது உன் மாமனாருது, ஜாக்கிரதையாக் கொண்டுபோ, இருமலும் சேந்து ஒட்டியிருக்கு. டீச்சர், இந்த மூட்டை உங்களுது. இதுவும் உங்களுதுதான்."

"அம்புட்டுமா?" என்றாள் லில்லிபுஷ்பம் டீச்சர்.

"ஓங்கிப் பாடுனா சேரத்தானே செய்யும் டீச்சர்."

ஓட்டு வீட்டுக்காரர்களுக்குப் பாடு தீர்ந்தது. கொண்டுபோய் அவிழ்த்ததும் ஓட்டிடுக்கு வழியாகப் பாட்டு தன்னால் போய்விட்டது. கான்கிரீட் வீட்டுக்காரர்கள்தான் திண்டாடினார்கள். டீச்சர் அதைத் தலையணைக்குள் திணித்துத் தைத்துவிட்டாள். அவள் புருஷன் மூன்றாம் நாளே தலையணையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, "ராத்திரி பூரா கேஸை நிறுத்தினியா, கேஸை நிறுத்தினியான்னு கேட்டா மனுசன் எப்படித் தூங்குவான்? எத்தனை தரம்தான் எந்திரிச்சுப் போய்ப் பாக்க?" என்று நியாயம் கேட்டார். யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"மயினி, உன் பை எங்க?" என்று மரியாள் கேட்டாள். எப்சிபா வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. இரண்டு பேரும் ஒரே கடைக்குப் பீடி சுற்றுகிறவர்கள்.

"எனக்கு அங்க ஒண்ணும் இல்ல மரியா. நான் எங்க பாடினேன்."

அது உண்மைதான். எப்சிபா மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில், கடைசித் தூணில் சாய்ந்து உட்காருவாள். உட்கார்ந்ததும் கண் சொருகிவிடும். ஆனால் அவள் ஒவ்வொரு திங்களும் ஒரு பாட்டைத் தேடினாள் என்பது மரியாளுக்குத் தெரியாது. பிரதிஷ்டை நாளன்று ஞானாபரணம் பாடின கீர்த்தனை அது. தயாபுரத்தில் முன்னொரு காலம் இருந்த உபதேசியார் ஒருவர் கட்டின பாட்டு. அந்த ஊரைத் தாண்டி யாருக்கும் தெரியாது. நாலு சரணம். சரணங்களை ஞானாபரணம் ஒருவரே பாடுவார், பல்லவியைச் சபை வாங்கும். அவர் எடுத்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அன்றைக்கு வெளியூர்ப் பெரிய ஐயாமார் முன்னிலையில் மூன்று சரணம் அப்படித்தான் பாடினார். நாலாம் சரணத்தில் குரல் திடீரென்று இறங்கி, முன்வரிசைக்கே கேட்காமல் போய்விட்டது. மறுநாள் விழுந்துவிட்டார். "அப்பவே வந்துட்டு சீக்கு. நாலாம் சரணத்துலயே வந்துட்டு" என்று ஊர் சொல்லிற்று. சொல்லும்போதெல்லாம் எப்சிபாவைப் பார்த்து, "நீதான் கேட்டியே மயினி" என்பார்கள். அவளும் தலையை ஆட்டுவாள்.

அவள் கேட்கவில்லை. முந்தின நாளிலிருந்து அசன விருந்துக்கு அரிசி புடைத்து, விடிய விடிய அண்டா துலக்கி, வந்து தூணில் சாய்ந்தவள் தூங்கிப்போனாள். கட்டின புருஷன் வாயிலிருந்து வந்த கடைசிப் பாட்டை அவள் தூங்கித் தொலைத்தாள். அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் கஞ்சியும் எச்சிலும்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஜெபத்தில்கூட. கர்த்தர்தான் பார்த்துக்கொண்டிருந்தாரே, அவருக்கு எதற்குத் தனியாய்ச் சொல்ல. அந்தப் பாட்டு முகட்டில்தான் இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் முந்தினது என்பதால் எல்லாவற்றுக்கும் மேலே, கான்கிரீட்டோடு கான்கிரீட்டாய்க் கம்புக்கு எட்டாத இடத்தில்.

அந்த வாரம் கமிட்டி கூடி, கூரையில் துளை போடுவதென்று தீர்மானித்தது. மிஷின்காரரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியாயிற்று.

"துளை போட்டா என்ன ஆகும் சார்?" என்று எப்சிபா கேட்டாள்.

"என்ன ஆகும்? இருக்கிறதெல்லாம் போயிரும். உனக்கும் வேலை மிச்சம்."

"மழை பெஞ்சா?"

"மழைக்கு மூடி போட்டுக்கிடலாம். நீ சனிக்கிழமையே பெஞ்சையெல்லாம் ஓரமாத் தள்ளிவை, ஞாயிறு ஒரு நாள் தரையில உக்காந்துக்கிடலாம்."

சனிக்கிழமை மத்தியானம் அவள் பெஞ்சுகளைத் தள்ளினாள். தள்ளினதில் ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி, அதன்மேல் மணிக்கூண்டு ஏணியைச் சாத்தி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாள். முழங்கால் கடகடத்தது. இந்த வயதில் விழுந்தால் புரட்ட ஆள் வேண்டுமே, அவரைப் புரட்ட நான், என்னைப் புரட்ட யார் என்று நினைத்துக்கொண்டே ஏறினாள். முகட்டில் மிச்சமிருந்தது கான்கிரீட்டை ஒட்டின முதல் அடுக்கு மட்டும், புகைக்கரி மாதிரி அப்பியிருந்தது. விரல் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். வெளியூர் ஐயாமார் குரல் வந்தது, அமுக்காமல் விட்டாள். பிள்ளைகள் பாட்டு வந்தது. பீடத்துக்கு நேர்மேலே, பனங்கருக்கு மாதிரி சொரசொரப்பாய், சூடு ஆறாமல் ஒன்று கையில் பட்டது. பட்டதுமே ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மூன்று சரணமும் கோயில் அதிரத்தான் கேட்டது. பிறகு நாலாம் சரணம். காலையும் உமதே, களைப்பும் உமதே என்று அது ஆரம்பிக்கும். சொன்னபடியே குரல் இறங்கிற்று. ஆனால் அது உடைந்து இறங்கவில்லை; நிறைகுடத்தைத் தரையில் வைக்கிறவர் போல, சிந்தாமல், பார்த்துப் பார்த்து இறக்கியிருந்தார். எப்சிபா அடுத்தவர் பாட்டை அமுக்காதவள், அதை அமுக்கினாள்.

தூங்கட்டும், என்றது அவர் நினைப்பு. அண்டாவையெல்லாம் ஒத்தையில துலக்கியிருக்கா. சத்தம் கூடினா முழிச்சிருவா. ஆண்டவரே, உமக்குக் கேட்டாப் போதும்.

எப்சிபா ஏணியில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. கால் மரத்தபிறகுதான் இறங்கவேண்டும் என்று தோன்றிற்று. இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அவளுக்காகத் தாழ்த்தின குரல்தான், ஆனாலும் அவளுக்குப் பாடினது அல்ல. எடுத்துக்கொண்டு போனால் காணிக்கைத் தட்டில் கை வைத்த மாதிரி. விட்டுவிட்டால் திங்கட்கிழமை துளை வழியாய்ப் போய்விடும், கட்டிலில் கிடக்கிறவர் கேட்கமாட்டார். வீட்டுக்குக் கொண்டுபோனாலும் வைத்துக்கொள்ள முடியாது. அவள் வீடு ஓட்டு வீடு, கதிர் விழுகிற இடுக்கெல்லாம் பாட்டு போகிற இடுக்கு. ஒரு தரம் ஒலிக்கும், அவ்வளவுதான். எப்படியும் போகிறதுதானே ஆண்டவரே, போகிற வழியில் வீட்டை ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு வரட்டும் என்று சொல்லி, முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

வீடு கோயில் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அவர் நெஞ்சின்மேல் முந்தானையை அவிழ்த்தாள். முதல் சரணத்துக்கு அடுத்த வீட்டில் மரியாள் பீடி சுற்றுகிற கை நின்றது. இரண்டாம் சரணத்துக்குத் தெருவில் சைக்கிள் ஒன்று நின்றது. மூன்றாம் சரணத்துக்கு உறியில் சட்டி ஆடிற்று. நாலாம் சரணம் கட்டிலைத் தாண்டிக் கேட்கவில்லை. அதன் அடியிலிருந்த நினைப்பு கட்டிலுக்கும் அவளுக்கும் மட்டும்தான் கேட்டது. ஞானாபரணம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். குடித்தனம் பண்ணின இத்தனை வருஷத்தில் அவர் இப்படி அகப்பட்டதில்லை. காது மடல் சிவந்துபோயிற்று. பாட்டு எழும்பி, உத்திரத்தில் கொஞ்சம் தயங்கி, ஓட்டிடுக்கு வழியாக வெளியே போய்விட்டது.

"ஊரெல்லாம் அன்னைக்கே உங்களுக்குச் சீக்கு வந்துட்டுன்னு சொல்லுது" என்றாள் எப்சிபா. "நான் தூங்கினதுக்கு உங்க குரல் கெட்ட பேரு வாங்கிட்டு நிக்கி. ஒரு வார்த்தை சொல்லாமக் கெடந்தீங்களே." சொன்னபிறகுதான் அவருக்குப் பேச்சு இல்லை என்பது நினைவு வந்தது. அவர் தோள் குலுங்கிற்று. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எட்டிப் பார்த்தாள். இரண்டும்தான்.

அவர் தன் நல்ல கையால், இடது கையால், கட்டில் ஓரத்தைத் தட்டினார்.

"வேலை கெடக்கு. விளக்கு துடைக்கணும். பெஞ்சை எறக்கணும்."

மறுபடியும் தட்டினார். அவள் உட்கார்ந்தாள். பிறகு ஓரமாய்ச் சரிந்தாள். தலை சாய்கிறதுவரை அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்தது அவள் பார்த்ததல்ல, மரியாள் சொன்னது. ஞாயிறு விடிந்து, வெயில் ஏறி, ஊர் குளித்துத் துவைத்த துணி உடுத்திக் காத்திருந்தும் முதல் மணி அடிக்கவில்லை. இரண்டாம் மணியும் இல்லை. வேதமாணிக்கம் சார் முகம் சிவந்து, கையை வீசிக்கொண்டு எப்சிபா வீட்டுக்கு நடந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். கட்டில் ஓரத்தில் ஒருக்களித்து, வாய் லேசாகத் திறந்து, கால் பாதம் வெளியே நீட்டி, சேறு காய்ந்த குதிகாலோடு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஞானாபரணம் விழித்திருந்தார். சாரைப் பார்த்து இடது கையை உதட்டருகே கொண்டுபோனார். சார் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"மணி வேண்டாம்" என்றார் கோயிலில் வந்து. "பாட்டை மெதுவாப் பாடுங்க. சுவருக்கு அந்தப் பக்கம் எப்சிபா தூங்கிட்டிருக்கு."

"மெதுவான்னா எப்படி சார்?" என்றாள் லில்லிபுஷ்பம் டீச்சர். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"பிள்ளையத் தொட்டில்ல போட்டுட்டுப் பேசுவீங்கல்லா, அப்படி."

அப்படிப் பாடினார்கள். மேளம் மூலையில் கிடந்தது. கைத்தட்ட வேண்டிய இடத்தில் கையைக் கையோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள். பாட்டின் நடுவில் மரியாள் எழுந்துபோய், பூனைபோல வீட்டுக்குள் நுழைந்து, ஞானாபரணத்துக்குத் துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, கட்டில் அசையாமல் திரும்பி வந்து, அப்போது ஓடிக்கொண்டிருந்த பாட்டில் சேர்ந்துகொண்டாள். மெதுவாகப் பாடுவது ஓங்கிப் பாடுவதைவிடக் கஷ்டம். கவனம் முழுவதும் அதிலேயே போய்விடும். டீச்சருக்கு அன்றைக்குக் கேஸ் ஞாபகமே வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவள் விழித்துவிடக்கூடாது என்கிற நினைப்பைத் தவிர ஊரில் ஒருவருக்கும் வேறு நினைப்பு இல்லை.

திங்கட்கிழமை மிஷின்காரர் வந்து, மிஷினை இறக்கிவைத்து, அண்ணாந்து பார்த்தார்.

"எதுக்கு சார் துளை?"

முகடு துடைத்துவைத்த பாத்திரம்போல இருந்தது. பழைய அடுக்கின் மிச்சத்தையும் கூட்டிக்கொண்டு அந்த ஞாயிற்றுப் பாட்டு போயிருந்தது. எந்த வழியாய்ப் போயிற்று என்று கேட்க ஆள் இல்லை. எப்சிபா கம்பை உயர்த்தி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிப் பார்த்துவிட்டு இறக்கினாள்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றார் சார். "காப்பி குடிச்சிட்டுப் போ."

ஆனால் அடுத்த ஞாயிறு எப்சிபா விழித்திருந்தாள், மணி அடித்தாள், சபை பழையபடி பாடிற்று, முகட்டில் பழையபடி ஒட்டிற்று. கமிட்டி மறுபடியும் கூடினது. போதகரையாவும் சாரும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, வாசலில் நின்ற மரியாள்தான் சொன்னாள்: "அப்பம் வாரத்துக்கு ஒருத்தர் தூங்க வேண்டியதுதானே."

அப்படித்தான் தயாபுரத்தில் அந்த வழக்கம் வந்தது. பீடத்துக்கு முன்னால் பாயும் தலையணையும் போட்டு, அந்த வாரம் ஊரில் யார் ரொம்பவும் ஓய்ந்துபோயிருக்கிறார்களோ அவர்களைப் படுக்கவைத்து, அவர்கள் விழிக்காதபடி பாடுவார்கள். யார் படுப்பது என்பதைப் பெண்கள் முடிவு செய்தார்கள். முதலில் போட்டி இருந்தது.

"எனக்கு மூணு நாளாக் கண்ணு மூடல."

"டிவியப் பாத்தா எப்படி மூடும்? நீ அடுத்த மாசம் வா."

ராத்திரி பஸ் ஓட்டுகிற டிரைவர் ஒரு வாரம் படுத்தார். பிள்ளை பெற்று முப்பது நாள் கழியாத பெண்ணொருத்தி கைப்பிள்ளையோடு படுத்தாள். டீக்கடை சுடலைக்கண்ணுகூட மகளுக்கு ஆஸ்பத்திரியில் துணையிருந்து வந்த வாரம், "எனக்கும் ஒரு பாய் கெடைக்குமா அண்ணாச்சி" என்று தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். போட்டுக் கொடுத்தார்கள். எல்லா வாரமும் எல்லாம் போய்விடும் என்று சொல்ல முடியாது. எவருக்காவது நினைப்பு நழுவும், ஒரு துண்டு ஒட்டும், எப்சிபா திங்கட்கிழமை தட்டி எடுப்பாள். ஞானாபரணத்துக்கு உடம்பு தேறவில்லை. ஆனால் மரியாளும் டீச்சரும் முறைபோட்டு வந்து புரட்டினார்கள். எப்சிபாவோடு குடியிருந்த களைப்பு வீட்டைக் காலி செய்யவில்லை. அதற்கும் உலை வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை வேதமாணிக்கம் சார் அவள் விளக்கு துடைக்கிற இடத்துக்கு வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார்.

"எப்சிபா, இந்த வாரம் யாரும் பேரு சொல்லலியாமே?"

"இன்னும் இல்ல சார்."

"அப்படின்னா…" என்று சொல்லிவிட்டு விளக்கைப் பார்த்தார். "வீட்டுல அவ போனதுலேருந்து ராத்திரி சரியா வரமாட்டேங்குது. வெளிய சொல்லிக்கிடலை. யாரும் இல்லைன்னா, நான் படுத்துக்கிடட்டா?"

"படுத்துக்கிடுங்க சார். யாருட்டயும் கேக்க வேண்டாம்."

ஞாயிறன்று சார் இஸ்திரி போட்ட சட்டையோடு பாயில் படுத்து, கண்ணாடியை மடித்து நெஞ்சின்மேல் வைத்து, கையைக் கோத்துக்கொண்டார். முதல் பாட்டு முடியுமுன் தூங்கிவிட்டார். சபையார் அந்தப் பழைய உபதேசியார் கட்டின கீர்த்தனையை எடுத்தார்கள். ஞானாபரணம் விழுந்ததிலிருந்து சரணங்களை ஆளுக்கொன்றாகப் பாடி, மூன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். நாலாவதை எடுக்க யாரும் துணிவதில்லை. அன்றைக்கும் மூன்றோடு நின்றது. அந்த அமைதியில் கடைசித் தூணிலிருந்து, பழக்கமில்லாத, கொஞ்சம் கரகரத்த, சுதி இப்படியும் அப்படியுமாக ஒரு குரல், காலையும் உமதே, களைப்பும் உமதே என்று தாழ எடுத்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை; திரும்பினால் பெஞ்சு கிரீச்சிடும்.

எப்சிபா பாடிக்கொண்டே எழுந்து நடந்தாள். தன் பாட்டு எங்கே போகிறது என்று அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. சாரின் போர்வை காலில் விலகிக் கிடந்தது. குனிந்து அதை இழுத்துப் பாதத்தை மூடினாள்.